காற்றுப் பார்த்து வெங்காயம் பொரிக்கிற மர்ஷூதா

"இண்டைக்கும் காத்து ரோட்டப் பாத்துத்தான் போகுது. என்னக் கொண்டு போய் உள்ளுக்குப் போடாம இது உடாது."

கடற்காற்றுக் காலத்தில் மர்ஷூதா இதைச் சொல்லாமல் விடிந்த நாள் குறைவு. சுபஹு தொழுத கையோடு குசினி வாசலுக்கு வருவாள். அவள் வளவு முருங்கையில் ஒரு ரோஸ் நிறச் சொப்பிங் பேக் கட்டித் தொங்குகிறது. அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பாள். மேற்கே, பெரிய ரோட்டுப் பக்கம் பறந்தால் முகம் செத்துப்போகும். கிழக்கே, கடல் பக்கம் பறந்தால் "அல்ஹம்துலில்லாஹ்" என்று அடுப்பு மூட்டுவாள்.

சாய்ந்தமருதில் எங்கள் தெரு கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் கிடக்கிறது. கடற்காற்று அடித்தால் எங்கள் குசினிகளில் என்ன வேகிறது என்று ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவனுக்கும் தெரியும். கச்சான் காற்றுக் காலத்தில் நிலைமை மாறும். மேற்கிலிருந்து அனலாக அடிக்கிற அந்தக் காற்றை ஊரே திட்டும். உடம்பு வறளும், பிள்ளைகளுக்கு மூக்கில் இரத்தம் வரும், காயப்போட்ட உடுப்பெல்லாம் மண் பிடிக்கும். மர்ஷூதா மட்டும் கச்சானுக்காக துஆக் கேட்பாள். கச்சான் அடித்தால் அவள் வீட்டு வாசம் கடலுக்குப் போய்விடும். கடலில் கந்தோரும் இல்லை, அதிகாரியும் இல்லை.

அவள் சீனிச்சம்பல் செய்கிறவள். பம்பாய் வெங்காயத்தை நீளவாக்கில் மெல்லிசாக வெட்டி, பெரிய தாச்சியில் எண்ணெய் விட்டு, ரம்பையும் கறிவேப்பிலையும் கறுவாவும் போட்டு, வெங்காயம் சுருண்டு சிவக்கும் வரை விடாமல் கிளறி, மாசித்தூள், இடித்த செத்தல் மிளகாய், புளி, கடைசியில் சீனி. செய்முறையில் மர்மம் ஒன்றும் கிடையாது. நானும் செய்வேன். என் சம்பல் மூன்றாம் நாள் எண்ணெய் கக்கும், அவளுடையது கக்காது. கட்டாருக்குப் போகிற பிள்ளைகள் பெட்டியில் பழைய துவாயால் சுற்றி அவள் போத்தலைத்தான் கொண்டுபோகிறார்கள். சம்பல் பணிஸ் போடுகிற பேக்கரிகளும் வாளியோடு வந்து வாங்குகின்றன. இவ்வளவும் எங்கும் பதியாமல், களவாக நடந்தது. விற்றது வெங்காயச் சம்பல். அவள் பயந்த பயத்துக்குக் கஞ்சா விற்றிருக்கலாம்.

ரோட்டால் போகிறவர்கள் மூக்கை உறிஞ்சினால் சொல்வதற்கு ஒரு பதில் வைத்திருந்தாள். "எங்கட ஊட்ட கத்தம்." மௌத்தானவர்களுக்காக ஓதிச் சாப்பாடு கொடுக்கிற கத்தம் என்றால் வாசம் வரத்தானே செய்யும். முந்திக்கொண்டு சொல்லிச் சொல்லி, ஒரு நாள் மூலைக்கடை முர்ஷித் கேட்டேவிட்டார்.

"மர்ஷூதா, உங்கட ஊட்ட மாசத்துக்கு எத்தின கத்தம்? நான் அறிய அவ்வளவு பேர் உங்கட குடும்பத்தில மௌத்தாகல்லயே!"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் வீட்டுக்குள் வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். பயந்தால் சிலருக்கு நெஞ்சு படபடக்கும், இவளுக்கு வயிறு. மோட்டர் சைக்கிள் ஒன்று எங்கள் ஒழுங்கைக்குள் வேகம் குறைத்தால் போதும், "வகுறு கலங்குதுகா" என்று சொல்லிக்கொண்டே எழும்புவாள். பேனை சொருகிய சட்டைப்பையோடு ஆள் வந்தால், கடன் கேட்டு வந்த சொந்தக்காரனாக இருந்தாலும், தாச்சி கட்டிலுக்கடியில் போய்விடும். ஒருமுறை கொதித்த எண்ணெயோடு தாச்சியைத் தூக்கிக் கையைச் சுட்டுக்கொண்டாள். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. வந்தவர் கல்யாணத்துக்குச் சொல்ல வந்தவர்.

அவளிடம் வேலை செய்கிற பெண்கள் ஐந்து பேர். "வேலை செய்கிற" என்று நான் எழுதுகிறேன். அவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். யார் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "சும்மா வந்தனான்." காலையில் வந்து லுஹர் தொழுகைக்குப் பிறகு போவது, வெங்காயம் வெட்டி வெட்டி விரல் நுனி கறுத்துப்போவது, போத்தல் கழுவிக் கழுவிக் கை வெளிறுவது எல்லாமே சும்மா. அவர்களில் வாய் பெரியவள் ஸைனம்பு. புருஷன் விட்டுப்போய் இரண்டு பெண்பிள்ளைகளை வளர்க்கிறாள். அகப்பை பிடிப்பவள் அவள்தான். மெல்லப் பேசுகிறவள் ஸம்றா. புருஷன் மருதமுனையில் தறியில் நிற்கிறான், நூல் வந்தால்தான் கூலி. நான் சொல்லப்போகிற நாளில் அவள் ஏழு மாதக் கர்ப்பிணி.

இவர்களின் பயம் வேறு. ஐந்து வீட்டுக்கும் அரசாங்கம் ஏழைகளுக்குக் கொடுக்கிற அஸ்வெசும கொடுப்பனவு வருகிறது. வேலைக்குப் போகிறாள் என்று பெயர் எழுதப்பட்டால் அது வெட்டுப்படும் என்று இவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மையா பொய்யா என்று விசாரிக்கவும் பயம். விசாரிக்கப் போனால், "ஏன் கேக்கிறீங்க, வேல செய்றீங்களா?" என்று திருப்பிக் கேட்பார்களாம். சும்மா இருக்கிறதற்கு வருகிற காசைக் கையெழுத்து வைத்து எல்லோர் முன்னாலும் வாங்கலாம். உடம்பு முறிந்து எடுக்கிற காசை முந்தானைக்குள் ஒளிக்க வேண்டும். இதைக் கெட்டிக்காரத்தனம் என்று யார் நினைத்தார்களோ எனக்குத் தெரியாது. அப்படி நினைத்தவர் வெங்காயம் வெட்டியிருக்க மாட்டார்.

எனக்கும் மர்ஷூதாவுக்கும் நடுவில் ஒரு தகர வேலி. அதில் பெண்கள் போய்வர ஒரு கடப்பு விட்டிருக்கிறோம். ரோட்டுக்கு ஏறாமல் ஒரு வளவிலிருந்து மற்ற வளவுக்குப் போகிற இடைவெளி. உப்பு வாங்கவும் கதைக்கவும் வைத்த அந்தக் கடப்பு, ஐந்து பெண்கள் ஓடித் தப்புகிற பாதையாகிப் போனது. நான் அரிசி களைந்துகொண்டு நிற்கும்போது என் வளவுக்குள் திடீரென்று பெண்கள் கொட்டுண்பார்கள். ஒருத்தி கையில் கத்தி, ஒருத்தி கையில் போத்தல். "சத்தம் போடாதகா, ஆரோ வந்திட்டாங்க" என்பார்கள். என் வீட்டுக்காரர் இரண்டு முறை பயந்துபோய்க் குளியலறைக்குள் ஒளிந்தார்.

இவ்வளவுக்கும் முன்னால் மர்ஷூதாவிடம் இன்னொரு காவல் இருந்தது. ஒரே ஒரு வசனம்.

"ஊட்ட ஆம்பிள இல்ல!"

எங்கள் பக்கத்தில் இந்தச் சொல்லுக்குப் பூட்டைவிடப் பலம் அதிகம். ஆம்பிளை இல்லாத வீட்டுக்குள் அந்நிய ஆம்பிளை கால் வைக்க மாட்டான். மீற்றர் பார்க்க வந்தவனும் வரிக்காரனும் கேற்றடியிலேயே நின்று, "அப்ப மறுகா வாறம்" என்று போய்விடுவார்கள். மர்ஷூதா வாசலில் தொங்கும் சீலைக்குப் பின்னால் நின்று இதைச் சொல்லும்போது அவள் புருஷன் றஸாக் குசினியில் நின்று போத்தலுக்கு மூடி இறுக்கிக்கொண்டிருப்பார். ஒலுவில் துறைமுகத்தில் மீன் பெட்டி தூக்கி முதுகு போன மனிதர். அதற்குப் பிறகு வீட்டில்தான். ஆனால் வெளியாருக்கு அவர் வீட்டில் இல்லை. வாசலில் குரல் கேட்டதும் மூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே மூச்சடக்கி நிற்பார். செருமக்கூட மாட்டார். சொந்த வீட்டில் இல்லாமல் இருந்து பழகிய மனிதர் அவர்.

இவ்வளவு பயம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அவள் தம்பி ஸிராஜிடமிருந்து. அவன் தெற்கே ஓர் ஊரில் ரஸ்க் போடுகிற சின்னப் பேக்கரி வைத்திருந்தான். நேர்மையாகச் செய்வோம் என்று தானாகவே கந்தோருக்குப் போய்ப் பதிந்தான். பதிந்தவுடன் அவன் இருக்கிறான் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது. ஒருவர் வந்து புகைபோக்கி உயரம் போதாது என்றார். இன்னொருவர் தராசுக்கு முத்திரை கேட்டார். வேறொருவர் பெண் வேலையாட்களுக்குத் தனி மலசலகூடம் கேட்டார். அங்கே ஒரு பெண்ணும் வேலை செய்யவில்லை. கடைசியாக வந்தவர் வேலையாட்களின் நிதிக்கு முதல் நாளிலிருந்து கட்ட வேண்டிய நிலுவை என்றார். அவர்களில் ஒருவரும் கெட்டவர் இல்லை என்று ஸிராஜே சொல்வான். ஒவ்வொருவரும் தன் பங்குக் கடதாசியைத்தான் கேட்டார்கள். எல்லாப் பங்கும் சேர்ந்தபோது போறணை அடுப்பே அணைந்துவிட்டது. அங்கே வேலை செய்த நாலு பேரும் வீட்டில் குந்தினார்கள். இவன் கட்டாரில் லொறி ஓட்டுகிறான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ராத்தாவுக்குக் கோல் எடுத்து, சுகம் விசாரிக்கும் முன்பே சொல்கிறான்: "ராத்தா, உண்ட பேர ஒரு இடத்திலயும் எழுதக் குடுத்துராத."

சுத்தம் பார்க்க ஆள் வரட்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. அந்தச் சம்பலைத் தின்கிறவள் நான், அதில் பல்லி விழுந்தால் எனக்குத்தான் கேடு. தாச்சியைப் பார், எண்ணெயைப் பார், நகத்தைப் பார். பார்த்துவிட்டுப் போ. ஒரு தாச்சிக்குப் பின்னால் இத்தனை கந்தோர் வரிசையில் நிற்பது எதற்கு என்றுதான் கேட்கிறேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

கச்சான் தொடங்கவில்லை. சொப்பிங் பேக் மேற்கே பறந்துகொண்டிருந்தது. பேக்கரிக்காரர் அவசரம் என்றதால் காற்றைப் பாராமல் அடுப்பு மூட்டிவிட்டாள். வெங்காயம் பாதி சிவந்த நேரம் ஒழுங்கைக்குள் ஒரு ஸ்கூட்டி வந்து அவள் கேற்றடியில் நின்றது. வேலிக்கு மேலால் ஹெல்மட் தெரிந்தது.

"எழும்புங்க! ஓடுங்ககா!"

நாலு பேர் கடப்பால் என் வளவுக்குள் வந்து விழுந்தார்கள். ஸைனம்பு அகப்பையோடு வந்தாள், அதிலிருந்து என் சீமெந்துத் தரையெல்லாம் எண்ணெய். ஸம்றாவால் எழும்ப முடியவில்லை. வெங்காயத் தட்டின் முன்னால் காலை நீட்டியபடி அப்படியே இருந்துவிட்டாள். நான் கடப்படியில் நின்றேன். அங்கிருந்து எல்லாம் கேட்டது, பாதி தெரிந்தது.

மர்ஷூதா சீலைக்குப் பின்னால் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள். "ஊட்ட ஆம்பிள இல்ல!"

ஹெல்மட் கழன்றது. உள்ளே இருந்தது ஒரு பொம்பிளைப் பிள்ளை.

"அப்ப நல்லதாப் போச்சக்கா. நான் உள்ளுக்கு வாறன்."

மர்ஷூதாவின் ஒரே பூட்டு அன்றைக்குத் திறப்பாகிப்போனது. அந்த வசனத்துக்கு இப்படியொரு பதில் வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. வந்தவள் கிருசிகா. நாவிதன்வெளிப் பிள்ளை, பிரதேசக் கந்தோரில் அபிவிருத்தி உத்தியோகத்தர். செருப்பைக் கழற்ற வந்தவள் வாசலைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"என்னக்கா, இவ்வளவு செருப்பு?"

"எண்டதான் மிஸ். மாத்தி மாத்திப் போடுற."

"அதில ஒண்டு ஒரு காலுக்கு மட்டும் கிடக்கு?"

மற்றது என் வளவில் ஸைனம்புவின் காலில் இருந்தது.

அந்த நேரம் பார்த்து அடுப்பில் விட்ட வெங்காயம் கருகிப் புகையத் தொடங்கியது. குசினிக்குள்ளிருந்து ஓர் இருமல். மர்ஷூதா அசையவில்லை. இன்னோர் இருமல், ஆம்பிளை இருமல்.

"ஆம்பிளை இல்லையெண்டீங்க?"

"ஆடு மிஸ். ஆட்டுக்குச் சளி."

ஆடு மூன்றாம் தரம் இருமிவிட்டு, "யா அல்லாஹ்" என்றது.

என் பக்கத்தில் நின்ற ஸைனம்பு முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். கிருசிகா சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. அப்படியே உள்ளே போய் ஸம்றாவுக்கு முன்னால் குந்தினாள். ஸம்றாவின் கண்ணால் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"ஏனம்மா அழுறீங்க? நான் ஒண்டும் செய்ய வரல்ல."

"வெங்காயம் மிஸ்."

"இஞ்ச வேலை செய்றீங்களா?"

"இல்ல மிஸ். சும்மா வந்தனான்."

ஏழு மாத வயிற்றோடு, மலைபோல் வெட்டிய வெங்காயத்துக்கு நடுவில் இருந்துகொண்டு சொன்னாள். கிருசிகா கொஞ்ச நேரம் அந்த வெங்காயத்தைப் பார்த்தாள். பிறகு மர்ஷூதாவைக் கூப்பிட்டு இருத்தி, வந்த விசயத்தைச் சொன்னாள்.

வீட்டுக் குசினிகளில் நடக்கிற சின்னத் தொழில்களுக்கென்று ஒரு புதுத் திட்டத்தைப் பரீட்சித்துப் பார்க்கிறார்களாம். ஒரே இடத்தில் ஒரே பதிவு. இரண்டு வருடத்துக்குக் கட்டணம் இல்லை. சுத்தம் பார்க்க ஒருவர் மட்டும் வருவார், பிழை கண்டால் திருத்த நாள் கொடுப்பார். கொடுப்பனவு எடுக்கிற பெண்ணை வேலைக்கு வைத்தால் அவள் கூலியில் ஒரு பங்கை முதல் ஆறு மாதம் திட்டமே கொடுக்கும். அந்தப் பெண்ணின் கொடுப்பனவில் ஒரு வருடத்துக்குக் கை வைக்க மாட்டார்கள்.

"ஆனா அக்கா, வேலைக்கு ஆள் இருக்கிற இடத்துக்குத்தான் இது. நீங்க ஆடும் செருப்பும் மட்டும்தான் இருக்கெண்டா நான் என்னத்த எழுதுற?"

மர்ஷூதா முந்தானையால் கதிரையின் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்டு. உங்கட வாசத்தப் பத்தி ஒரு முறைப்பாடு வந்து கிடக்கு. அது என்ட மேசையில இல்ல, வேற மேசையில. நீங்க இதில பதிஞ்சா அவங்களும் புத்தி சொல்லிட்டுப் போவாங்க. பதியாட்டி வந்து பூட்டத்தான் செய்வாங்க. வாற வியாழன் திரும்ப வாறன். ஆக்கள் எத்தினை, பேர் என்ன எண்டு மட்டும் யோசிச்சு வையுங்க."

ஸ்கூட்டி போன பிறகும் மர்ஷூதா அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை. முறைப்பாடு என்ற சொல் அவளுக்குள் இறங்கிவிட்டது. யார் போட்டது? மூலைக்கடை முர்ஷித்தா? ஒரு தரம் இவள் வாளி குறையக் கொடுத்த பேக்கரிக்காரரா? கடப்பால் நான் போனபோது என்னையும் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். நான் கோபிக்கவில்லை. பயந்தவள் எல்லோரையும் பார்ப்பாள்.

"பொறியாத்தான் இரிக்கும்," என்றாள் ஸைனம்பு, எண்ணெய்க் காலோடு உள்ளே வந்து. "அரிசியத் தூவிக் கோழியப் புடிக்கிற மாதிரி. ஒரு வருசத்துக்குக் கை வைக்க மாட்டாங்களாம். மறு வருசம்? எனக்கு வெட்டினா ஆர் தாற? நீ தருவியா?"

"நான் எங்க தாற? பூட்டினா எனக்கே இல்ல."

"பதிஞ்சிரு," என்றார் றஸாக், இன்னும் இருமிக்கொண்டு. "இப்பிடி ஒளிச்சு ஒளிச்சு எத்தின நாளைக்கு?"

"உங்களுக்கென்ன? நீங்க ஊட்டிலயே இல்லாத ஆள்! கூட்டிப் போறதெண்டா என்னத்தான் கூட்டிப் போவாங்க."

அந்தக் கிழமை நான் பார்த்த மர்ஷூதா வேறொருத்தி. உப்புப் பார்க்கக் கரண்டியால் தொட்டு நாக்கில் வைப்பவள், வைத்துவிட்டு மறந்துபோய் இரண்டாம் தரமும் உப்புப் போட்டாள். ஒரு தாச்சி முழுக்க வீண். சாப்பிடவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும்போது, ஆராவது கேட்டால் உம்மா சும்மாதான் இருக்கிறா என்று சொல்லச் சொன்னாள். வெள்ளிக்கிழமை ஸிராஜ் கோல் எடுத்தான். போனை ஸ்பீக்கரில் போட்டு அவன் சொன்னதை எல்லோருக்கும் கேட்கவைத்தாள். ஐந்து பெண்களும் வெங்காயத்தைப் பார்த்தபடி இருந்தார்கள். கதைத்து முடித்ததும் ஸம்றாதான் கேட்டாள்.

"ராத்தா, ஸிராஜ் காக்கா பூட்டக்குள்ள வேல செஞ்ச நாலு பேரும் இப்ப என்ன செய்றாங்க?"

மர்ஷூதாவுக்குத் தெரியவில்லை. அவள் கேட்டதே இல்லை.

வியாழன் வந்தது. கிருசிகாவும் வந்தாள். இந்த முறை பெண்கள் ஓடவில்லை. ஓடாமல் இருந்தது தைரியம் என்று நினைக்க வேண்டாம். போன தரமே செருப்பைப் பார்த்துவிட்டவளிடம் இனி எங்கே ஒளிவது? றஸாக் அறைக்குள் இருந்தார். நான் கடப்பைத் தாண்டி உள்ளேயே போய் நின்றேன். கிருசிகா பாயில் இருந்து பேனையைத் திறந்தாள். அந்தப் பேனை மூடியின் சத்தத்துக்கே மர்ஷூதா வயிற்றைப் பிடித்தாள்.

"முதலாளி ஆர்?"

"முதலாளி எண்டு போடாதீங்க மிஸ்."

"பின்னென்ன போடுற?"

"சமைக்கிறவ எண்டு போடுங்க."

"சமைக்கிறவ எண்டா ஆருக்கு அக்கா சமைக்கிறீங்க?"

மர்ஷூதா தாச்சியைத் திரும்பிப் பார்த்தாள். கிருசிகா அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்ததைக் கேட்டாள். "சரி, இஞ்ச எத்தின பேர் வேலை?"

 மர்ஷூதா ஸைனம்புவைப் பார்த்தாள். ஸைனம்பு சுவரைப் பார்த்தாள். அடுப்பில் எண்ணெய் மட்டும் கதைத்துக்கொண்டிருந்தது.  இன்னும் கொஞ்சம் போனால் கிருசிகா பேனையை மூடிவிடுவாள், அவ்வளவுதான், மற்ற மேசைக்காரர்கள் வருவார்கள் என்று நினைத்தேன்.

ஸம்றா வெங்காயத் தட்டைத் தள்ளிவைத்தாள். இரண்டு கையையும் கிருசிகாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மணந்து பாருங்க மிஸ்."

கிருசிகா குனிந்து மணந்தாள். கண்ணைச் சுருக்கினாள்.

"சும்மா வந்தவளுக்கு இப்பிடி நாறுமா? எண்ட பேர எழுதுங்க. ஸம்றா."

  நீட்டிய கையை அவள் மடக்கவில்லை, கிருசிகா எழுதி முடிக்கும் வரை. மற்ற மூன்று பேரும் ஒவ்வொருவராக, வாய்க்குள் சொன்னார்கள். ஸைனம்பு கடைசி.

"எண்டதையும் எழுதுங்க மிஸ். ஆனா சின்னனா எழுதுங்க."

"சின்னனா எழுதினாலும் பேர் பேர்தானே அக்கா?"

"ஓம். எண்டாலும் சின்னனா எழுதுங்க."

கிருசிகா சின்னதாகவே எழுதினாள். அதற்குப் பிறகு பேனையை மர்ஷூதாவின் பக்கம் திருப்பி, ஒன்றும் கேட்காமல் காத்திருந்தாள். மர்ஷூதா ஐந்து பெண்களையும் ஒரு முறை பார்த்தாள். வயிற்றிலிருந்து கையை எடுத்தாள். "முதலாளி எண்டே போடுங்க," என்று சொல்லிவிட்டு, சொன்ன வேகத்தில் பின்பக்கம் ஓடினாள்.

இது நடந்து சில மாதமாகிறது. சுத்தம் பார்க்கிறவர் ஒரு தரம் வந்தார். யன்னலுக்கு வலை அடிக்கச் சொன்னார், தண்ணீர்ப் பீப்பாய்க்கு மூடி போடச் சொன்னார், ஒரு கரண்டி சம்பலைப் பாணில் வைத்துத் தின்றுவிட்டுப் போனார். வலை அடித்தாயிற்று. முறைப்பாடு போட்டது யார் என்று இன்னும் தெரியாது. போத்தலில் இப்போது பதிவு இலக்கம் ஒட்டுகிறார்கள். கல்முனையில் ஒரு பெரிய கடை எடுக்கத் தொடங்கியிருக்கிறது, இன்னும் இரண்டு பெண்கள் வேலைக்குக் கேட்டு வந்திருக்கிறார்கள். ஸம்றாவுக்கு ஆண் பிள்ளை. நாற்பது கழிந்ததும் வருவேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஒருவருடைய கொடுப்பனவும் வெட்டுப்படவில்லை. "இன்னும்" என்ற சொல்லை ஸைனம்பு ஒவ்வொரு தரமும் சேர்த்துக்கொள்கிறாள். மாதக் கடைசி வந்தால் வங்கிக்குப் போய்ப் புத்தகத்தில் வரவை அடித்துப் பார்க்கும் வரை அவள் யாரோடும் சிரித்துக் கதைக்க மாட்டாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டியவர்கள் கந்தோர்க்காரர்கள். ஒரு வருடம் கழித்துத் திட்டம் முடிந்தது என்று கையை விரித்தால், இந்த ஊரில் இனி எந்தப் பெண்ணும் தன் பெயரைச் சின்னதாகக்கூட எழுதக் கொடுக்க மாட்டாள். இதைப் படிக்கிற கந்தோர்க்காரர்கள் யாராவது இருந்தால் அதை மனதில் வையுங்கள்.

திட்டத்தில் ஒரு தகரப் பலகையும் கொடுத்தார்கள். பச்சை நிறம், அவள் பெயரும் தொழிலும் வெள்ளையில் எழுதியிருக்கிறது. ரோட்டால் போகிறவர்களுக்குத் தெரியும்படி மாட்ட வேண்டுமாம். றஸாக் ஒரு காலையில் அதை முன்வேலியில் அடித்தார். தெருவில் நின்று, எல்லோருக்கும் முன்னால், சட்டை போட்டுக்கொண்டு அடித்தார். பகல் சாப்பாட்டுக்கு முன்பே மர்ஷூதா அதைக் கழற்றச் சொல்லிவிட்டாள். கழற்றவும் பயம், மாட்டாவிட்டால் அது ஒரு குற்றமாகிவிடுமே. கடைசியில் அதே வேலியில், அதே உயரத்தில், முகம் உள்பக்கம் பார்க்க அடிக்கவைத்தாள். இப்போது அந்தப் பலகையை வெங்காயம் வெட்டுகிற பெண்கள் வாசிக்கிறார்கள். தெருவில் நிற்பவருக்கு வெறும் தகரம்தான் தெரியும்.

சாய்ந்தமருதுப் பக்கம் வருகிறவர்கள் ஒரு நடை அங்கே போங்கள். மூலைக்கடையில் கேட்டால் காட்டுவார்கள். கேற்றடியில் நின்று, "சம்பல் வாங்க வந்தம்" என்று முதலில் சொல்லிவிடுங்கள், சலாம் பிறகு சொல்லலாம். இல்லாவிட்டால் நீங்கள் யாரென்று தெரியும் வரை மர்ஷூதாவுக்கு உயிர் இருக்காது. நாலு பேர் வந்து, எட்டுப் பேர் வந்து, வாசலில் ஆள் நிற்பது அவளுக்குப் பழகினால், பலகையை ரோட்டுப் பக்கம் திருப்பி வைக்கலாம் என்று றஸாக் நம்பிக்கொண்டிருக்கிறார். அதற்காக அவர் ஆணிகளை முழுதாக அடிக்கவில்லை. பாதி வெளியே நிற்கிறது. போய்ப் பாருங்கள்.